நுரைக்காத சவர்க்காரம்

வசந்தி கிணற்றடியில் குந்தியிருந்து குழந்தையின் துணிகளுக்குச் சவர்க்காரம் போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள். நுரை வரவில்லை. திரைந்த பால் போல வெள்ளையாக ஏதோ துணியில் படிந்தது. கையை உதறினாள். அது கையிலும் ஒட்டிக்கொண்டது.

"மாமா, இது சவுக்காரமோ, சுண்ணாம்போ?"

நான் கதிரையை விட்டு எழுந்து போனேன். இரசாயன ஆசிரியன் என்ற முறையில் கட்டியை வாங்கி மணந்தேன். திருப்பிப் பார்த்தேன். நகத்தால் சுரண்டினேன்.

"சவுக்காரம் போலத்தான் கிடக்கு" என்றேன். பட்டப்படிப்பு வீண்போகவில்லை.

இந்தத் தொடரில் மண்ணெண்ணெயைப் பற்றி எழுதிய வாரம் ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். மாஸ்டர் எப்போது பார்த்தாலும் இல்லாத சாமானைப் பற்றியே எழுதுகிறாராம். நியாயமான குறை. ஆகவே இம்முறை இருந்த சாமானைப் பற்றி எழுதுகிறேன். அது வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

வசந்தி என் மனைவி தவத்தின் தமையன் மகள். குடாநாட்டில் இருந்த எங்கள் வீடு போரில் போகக்கூடாத பக்கத்துக்குள் அகப்பட்ட பிறகு, வன்னிப் பக்கம் உருத்திரபுரத்தில் இருந்த அந்தத் தமையனின் மேட்டுக் காணியில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தோம். வந்தபோது ஒரு மாதத்துக்கு என்று வந்தோம். வசந்தியின் கல்யாணம் அங்கே நடந்தது. பிள்ளையும் அங்கே பிறந்தது. அவள் கணவன் கொழும்புக்கு ஏதோ அலுவலாகப் போய், திரும்பிவர அனுமதி கிடைக்காமல் அங்கேயே நின்றான். அந்தச் சவர்க்காரக் கட்டியை அவன்தான் யாரிடமோ கொடுத்து அனுப்பியிருந்தான். அது வவுனியாவில் ஒரு சோதனைச் சாவடியைச் சேலைக்குள் சுற்றியபடி கடந்து, மாட்டு வண்டியில் பாதித் தூரமும் சைக்கிளில் மீதித் தூரமும் வந்திருந்தது. அப்படி வந்த சவர்க்காரம் நுரைக்காவிட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

வசந்தியின் தகப்பன், என் மச்சான் தம்பிராசா, மிளகாய்ப் பாத்திக்குள் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்.

"அது எங்களுக்கெண்டு தனியாச் செய்து விடுற சவுக்காரம், பிள்ளை. அவங்கட ஊரில நுரைக்கும்."

யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு பதில்

அந்தக் காலத்தில் எங்களிடம் எல்லாக் கேள்விக்கும் ஒரு பதில் இருந்தது. தடை. அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடை என்ற நீளமான பெயரை யாரும் சொல்வதில்லை. தடை என்றால் போதும்.

யூரியா வராது, அது வெடிக்குமாம். மண்ணெண்ணெய் கண்ணில் காட்டுகிற அளவுக்குத்தான் வரும், விளக்கு எரிக்கப் போதாது. பற்றரி வராது. சவர்க்காரம் அளந்து வரும். ஆகவே எது பழுதானாலும் முதலில் தடையின் தலையில் போடுவது எங்களுக்குப் பழகிவிட்டது. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. அதுதான் வில்லங்கம். பெரும்பாலும் சரியாக இருக்கிற பதிலை யார் சோதித்துப் பார்ப்பார்?

அந்த வருடம் பருப்பு அவியவில்லை. காலையில் அடுப்பில் ஏற்றியது மத்தியானத்திலும் கல்லுக் கல்லாகக் கிடந்தது. "கிடங்கில கிடந்த பழம் பருப்பை எங்களுக்குத் தள்ளுறாங்கள்" என்றார் மச்சான். தேத்தண்ணி கறுத்து, மேலே ஆடை படர்ந்து, குடித்த பிறகு நாக்கில் ஒரு கசப்பை விட்டுப் போனது. "தேயிலைத் தூளுக்குள்ள மரத்தூள்" என்றாள் தவம். கேத்திலின் உள்ளே வெள்ளைப் பொருக்குக் கட்டியது. அதற்கு என்ன காரணம் சொன்னோம் என்பது ஞாபகமில்லை. கேத்திலும் எங்களுக்கென்று தனியாகச் செய்து விட்டதாக இருக்கலாம்.

நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் மரத்துக்குக் கீழே இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இரசாயனப் பொருள் ஒன்றுகூட இல்லை. அமிலத்தைக் கரும்பலகையில் எழுதுவேன், காரத்தை எழுதுவேன், நடுவில் ஒரு கூட்டல் குறி போடுவேன். பிள்ளைகள் நம்பினார்கள். சுண்ணாம்பு மிஞ்சிய வன்னீரில் சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைப் படிவு தோன்றும் என்பதையும் வருடா வருடம் எழுதிப் போட்டேன். எழுதிப்போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, படிவு தோன்றிய துணியைக் கொடியில் ஒதுக்கிவிட்டுக் குனிந்து உள்ளே போனேன்.

மச்சானும் எருவும்

இங்கே மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சிலர் சங்கீதத்தைப் பற்றிப் பேசும்போது கண்ணை மூடுவார்கள். மச்சான் எருவைப் பற்றிப் பேசும்போது மூடுவார்.

குடாநாட்டுத் தோட்டக்காரப் பரம்பரை. அங்கே ஒரு பரப்பு நிலத்துக்குக் கிணறு நடுவில் இருக்கும், சுற்றி மிளகாயோ வெங்காயமோ புகையிலையோ நிற்கும். பூவரசங்குழையை வண்டியில் கொண்டுவந்து மண்ணுக்குள் தாழ்ப்பார்கள். சாணம் ஒரு கூடை கிடைக்க நாலு வாசல் ஏறவேண்டும். அப்படி வளர்ந்த மனிதருக்கு உருத்திரபுரத்தில் ஏக்கர் கணக்கில் காணியும், கண்ணுக்கெட்டிய தூரம் மாடும் கிடைத்தால் என்ன ஆகும்? பட்டினி கிடந்தவனைக் கல்யாணப் பந்தியில் இருத்திய கதைதான்.

முதலில் அவரிடம் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் இருந்தது. தோட்டம் காணி முழுவதும் பரந்திருந்தது. மண்ணெண்ணெய் நின்றதும் இயந்திரம் சாக்கால் மூடப்பட்டது. கையால் அள்ளி ஊற்றக்கூடிய தூரத்துக்குத் தோட்டம் சுருங்கிச் சுருங்கிக் கிணற்றைச் சுற்றி வந்து நின்றது. யூரியா நின்றதும் மாரிமுத்து வந்தான்.

மாரிமுத்துவின் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு கலவரத்தோடு வன்னிக்கு வந்தவர். மாரிமுத்து வன்னியிலேயே வளர்ந்து பெரிய மாட்டுப்பட்டிக்குச் சொந்தக்காரன் ஆனான். அறுவடை முடிந்த நிலங்களில் மாடுகளை இரவில் அடைப்பான். சில நாள் கழித்துப் பட்டியைப் பிடுங்கிப் பக்கத்து நிலத்தில் நடுவான். மாடு போட்ட சாணமும் பெய்த மூத்திரமும் நிலத்துக்கு. இது அந்த ஊரின் பழைய வழக்கம்.

எங்கள் காணியில் அந்தப் பட்டி நகரவில்லை. மச்சானுக்குத் தோட்டத்தடியில் எரு வேண்டும், தோட்டம் கிணற்றடியில். மாரிமுத்துவுக்கு மாடுகளுக்குத் தண்ணீர் வேண்டும், அதுவும் கிணற்றடியில். நான் ஒருநாள் கேட்டேன், பட்டியை மாற்றிக் கட்டுவதில்லையா என்று.

"எதுக்குங்க மாஸ்டர்? மாடுங்க பழகிப்போச்சு. நானும் பழகிப்போயிட்டேன். புதுக் கம்பு வெட்டப் போனா காட்டுக்குள்ள எந்த வெடிய மிதிப்பம்னு யாருக்குங்க தெரியும்?"

காரணம் நியாயமாக இருந்தது. ஆகவே ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்தும் பட்டி அங்கேயே நின்றது. மிளகாய்ச் செடிகள் என் நெஞ்சுக்கு வளர்ந்தன. அவ்வளவு கரும்பச்சையை நான் வேறெங்கும் கண்டதில்லை. வருவோர் போவோரெல்லாம் வேலியடியில் நின்று பார்த்தார்கள். மச்சான் அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விளக்கம் சொன்னார்.

நாவற்பழ வாய்

வசந்திக்குப் பிரசவத்துக்குப் பிறகு கடும் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. பால்மா கரைத்துப் போத்தலில் கொடுத்தாள். பெண் குழந்தை. யாழினி என்று பெயர்.

குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தபோது மருத்துவமாது தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். எல்லாருக்கும் சொல்வது, சரியான அறிவுரையும்கூட. வசந்தி சொன்னதைச் செய்கிற பிள்ளை. கொதித்தால் போதாது என்று மேலும் கொதிக்க விட்டாள். பாதி வற்றியதும் இறக்கினாள். குழந்தை இன்னும் வாடியது. அடுத்த நாள் இன்னும் வற்றக் காய்ச்சினாள்.

ஒரு காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கொட்டிலுக்கு வந்தாள்.

"மாமி, இவளின்ர வாயைப் பாருங்கோ."

உதடு நாவற்பழம் தின்ற வாய் போல இருந்தது. நகங்களும் அப்படித்தான். அழக்கூடத் தெம்பில்லாமல் குழந்தை என்னைப் பார்த்தது.

"பால்மாவிலதான் ஏதோ" என்றார் பின்னால் வந்த மச்சான். "திகதி முடிஞ்சதை அனுப்பியிருப்பாங்கள்."

தவம் கொடியில் காய்ந்த ஒரு துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்நாள் பின்னேரம் கோயிலுக்குப் போனவள், கூட்டம் குறைவாக இருந்ததால் வயல் நடுவே இருக்கும் கோயில் கிணற்றில் குழந்தைத் துணி சிலதைக் கழுவி வந்திருந்தாள்.

"இஞ்சருங்கோ" என்று என்னைக் கூப்பிட்டாள். "நேற்று அங்கை இதே சவுக்காரம்தான் போட்டனான். முழங்கைமட்டும் நுரைச்சது. சொல்லுவமெண்டு மறந்துபோனன்."

கரும்பலகையில் வருடா வருடம் எழுதிய வரி அப்போதுதான் என் தலைக்குள் வந்து சேர்ந்தது. மரத்தடியிலிருந்து வீட்டுக்கு அரை மைல். நாலு வருடம் எடுத்திருந்தது.

சைக்கிளில் வசந்தியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். வழியெல்லாம் பழைய பாடப்புத்தகங்களின் பக்கங்களை மனதுக்குள் புரட்டினேன். மாட்டு மூத்திரமும் சாணமும் மண்ணுக்குள் நைத்திரேற்று என்ற உப்பாக மாறும். அது பச்சைக் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் இரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்காமல் விட்டுவிடும். காய்ச்சினால் கிருமிதான் சாகும், உப்பு சாகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்புக் கூடும். ஆனையிறவு உப்பளத்தை வாழ்நாள் முழுக்கக் கடந்து போய் வந்த எங்களுக்கு இது தெரியாதா? வசந்தி பாசத்தோடு அடுப்பில் ஓர் உப்பளம் நடத்தியிருக்கிறாள்.

மருத்துவர் தூங்கி நாளான முகத்தோடு நான் சொன்னதைக் கேட்டார். குழந்தையின் நகத்தை அமுக்கிப் பார்த்தார்.

"இருக்கலாம் மாஸ்டர். இரத்தத்தைச் சோதிக்க இஞ்ச ஒண்டுமில்லை. கொஞ்ச நாள் பிள்ளை இஞ்ச இருக்கட்டும். முதல் தண்ணியை மாத்துங்கோ. அது செலவில்லாத மருந்து."

மூன்று போத்தல்

மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை.

"சாணி தெளிச்சு முத்தம் மெழுகிற ஆக்கள் நாங்கள். மாட்டெரு நஞ்செண்டு எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சனீர்?"

"நஞ்செண்டு சொல்லேல்லை மச்சான். கூடிப்போச்சு எண்டுதான் சொல்லுறன்."

"ரெண்டும் ஒண்டுதான், ஐசே. என்ர தகப்பன் எரு போட்ட தோட்டத்துக் கிணத்திலதான் நான் தண்ணி குடிச்சு வளர்ந்தனான்."

"அவருக்குக் கூடைக் கணக்கில கிடைச்சது. உங்களுக்குப் பட்டிக் கணக்கில."

மச்சானின் வீட்டு விறாந்தையில் மூன்று வெற்றுப் போத்தல்களை வைத்தேன். ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் கோயில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் வாய்க்கால் தண்ணீர். மிஞ்சியிருந்த சவர்க்காரத்தில் ஒரு சீவலைத் தவம் மனமில்லாமல் வெட்டித் தந்தாள். விஞ்ஞானத்துக்கு அன்று எங்கள் வீட்டில் ஒதுக்கப்பட்டது அவ்வளவுதான். மழைத் தண்ணீரில் அதைக் கரைத்து மூன்றிலும் சமமாக விட்டுக் குலுக்கினேன். வாய்க்கால் நுரைத்தது. கோயில் கிணறு நுரைத்தது. எங்கள் கிணறு மோர் போலக் கலங்கி, அடியில் துருவல் துருவலாகப் படிந்தது.

மச்சான் போத்தலை வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"நுரைக்காதது சுண்ணாம்பாலை எண்டு நீர்தானே பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறனீர். மாடு சுண்ணாம்பே பெய்யுது?"

கேள்வி நல்ல கேள்வி. மரத்தடி மாணவர்கள் ஒருவரும் கேட்காதது. சொன்னேன். நைத்திரேற்றை மண் பிடித்து வைக்காது. மழை பெய்தால் கீழே இறங்கிவிடும். ஆனால் அது தனியே போகாது. மாப்பிள்ளை தோழனைக் கூட்டிக்கொண்டு போவது போல, மண்ணில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பையும் இழுத்துக்கொண்டுதான் இறங்கும். நாங்கள் கண்ணால் கண்டது தோழனை. மாப்பிள்ளை கண்ணுக்குத் தெரியாமல் குழந்தையின் போத்தலுக்குள் போய்விட்டார்.

"சரி. கோயில் கிணத்தைச் சுத்தி வயல். அங்கையும் எருப் போடுறாங்கள். அது ஏன் கெடேல்லை?"

எழுந்து போய்ப் பட்டியடியில் நின்றேன். மாடுகள் என்னைப் பார்த்தன. அவற்றுக்கும் தெரியவில்லை. அங்கிருந்து வயல் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"வயல் சேறு, மச்சான். தண்ணி கட்டி நிக்கிற சேத்துக்குள்ள காத்துப் போகாது. மூச்சுக்குக் காத்தில்லாத கிருமியள் அந்த உப்பை உடைச்சுச் சீவிக்கும். மிச்சம் வாயுவாய் ஆகாயத்துக்குப் போயிடும். எங்கட மேட்டு மண் காத்தோட்டமான மண். ஒண்டும் உடையாமல் நேரே கீழை போகுது."

"அப்ப சேறுதான் சுத்தமெண்டு சொல்லுறீர்."

"ஓம்."

அவர் போத்தலைக் கீழே வைத்தார். மிளகாய்ச் செடிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு குழந்தை இல்லாத ஏணையைப் பார்த்தார்.

"மாரிமுத்து," என்று வேலிப்பக்கம் கூப்பிட்டார், "பட்டியைப் பிடுங்கு."

மாரிமுத்து முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கினான். நான் கோயில் கிணற்றிலிருந்து சைக்கிளில் பிளாஸ்டிக் கானில் தண்ணீர் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் கொடுத்தேன். குழந்தையின் உதடு மெல்ல மெல்லக் குழந்தையின் உதடாக மாறியது.

தடை விஷயத்தில் மச்சான் சொன்னது முழுப்பிழை என்றும் சொல்லமாட்டேன். மண்ணெண்ணெய் இருந்திருந்தால் தோட்டம் கிணற்றடிக்கு வந்திராது. யூரியா இருந்திருந்தால் பட்டி வந்திராது. யூரியா அளவுக்கு மிஞ்சினாலும் இதே கதைதான் என்பது வேறு விஷயம். ஒரு சுற்றுச் சுற்றிப் பழி புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தச் சுற்றில் எங்கள் வீட்டு வாசலையும் மிதித்துக்கொண்டு போனது.

மண் மறக்கவில்லை

பட்டி போனால் கிணறு திருந்தும் என்று மச்சான் எதிர்பார்த்தார். வெள்ளிக்கிழமை தோறும் சவர்க்காரச் சீவலோடு கிணற்றடிக்குப் போவார். கையைத் தேய்ப்பார். திரைந்துபோன கையோடு வருவார். தவம் சவர்க்காரத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள்.

மாரி மழை கொட்டியது. புதுத் தண்ணீர் வந்து கிணறு நிரம்பிற்று. இனிச் சரி என்று நம்பிப் போனவர் முன்னிலும் மோசமான கையோடு வந்தார்.

"மழைத் தண்ணிதானே ஐசே. ஏன் இன்னும்?"

"மழை மேலை இருக்கிறதையெல்லாம் கழுவிக்கொண்டுதானே கீழை வருகுது. இவ்வளவு நாள் போட்டது வந்து முடியவேணும்."

"எப்ப முடியும்?"

நான் கையை விரித்தேன். அந்தக் காலத்தில் எப்போது முடியும் என்று கேட்கப்பட்ட எல்லாவற்றுக்கும் நான் அப்படித்தான் கையை விரித்தேன்.

கிணறு முடிக்குமுன் எங்கள் இருப்பு முடிந்தது. அடுத்த வருட நடுப்பகுதியில் பீரங்கிச் செல் விழும் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு ஸ்கந்தபுரம் போனோம். மச்சான் மிளகாய் மூட்டைகளை எடுத்தார். தவம் அரிசிப் பானையை எடுத்தாள். ஸ்கந்தபுரத்தில் ஒரு கிணற்றுக்கு ஊரே வரிசையில் நின்றது. அந்த வரிசையைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். இன்னொரு முறை அதில் நிற்க என் கால்கள் இடங்கொடா.

திரும்பி வந்தபோது

சில வருடம் கழித்து, உருத்திரபுரத்துக்குப் போகலாம் என்று சொன்னார்கள். போனோம். மச்சானின் வீட்டில் கூரை இல்லை, கதவு நிலை இல்லை. மிளகாய்த் தோட்டம் இருந்த இடத்தில் ஆளுயரப் பற்றை. எருக்கலையும் நாயுருவியும் பெயர் தெரியாத கொடியும் பின்னிக் கிடந்தன. உழுவாரும் இல்லை, எருப் போடுவாரும் இல்லை. அவ்வளவு வேர்களும் மண்ணில் கிடந்ததை ஆற அமரச் சாப்பிட்டிருந்தன. மிச்சத்தை மழைகள் அடித்துக்கொண்டு போயிருந்தன.

கிணற்றுக்குள் இலையும் தவளையும் கிடந்தன. இறைத்துத் துப்புரவாக்கினோம். ஊற்று வந்து தண்ணீர் தெளியப் பல நாள் எடுத்தது. தெளிந்த அன்று மச்சான் வாளியால் அள்ளி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கடதாசியில் சுற்றிய ஒரு சீவலை எடுத்தார். வசந்தி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். யாழினிக்கு இப்போது ஓடித் திரிகிற வயது. மச்சான் நுரைத்த கையைக் காட்டும்வரை பிள்ளையைக் கிட்ட விடுவதில்லை என்று வசந்தி நின்றாள்.

மச்சான் தேய்த்தார். நுரை வந்தது. விரல்களை மூடியது, மணிக்கட்டைத் தாண்டி ஏறியது. அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"மாஸ்டர், நாங்கள் இருந்து கெடுத்தது, நாங்கள் இல்லாமல் திருந்தியிருக்கு."

"பத்தைதான் திருத்தினது, மச்சான்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

அதற்குள் யாழினி தாயின் கையை உதறிக்கொண்டு வந்து வாளிக்குள் முகத்தை விட்டுக் குடித்துவிட்டாள். வசந்தி ஓடிவந்தாள். பிள்ளை நிமிர்ந்து, நனைந்த முகத்தைத் தாத்தாவின் சாரத்தில் துடைத்தது. வசந்தி அதன் உதட்டைக் குனிந்து பார்த்தாள். அந்தப் பழக்கம் அவளை விட்டு இன்னும் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து மாரிமுத்து வந்தான். பெரிய பட்டியில் மிஞ்சியது சில மாடுகள்தான். அவற்றைப் படலையடியில் நிறுத்திவிட்டு, நேற்றுத்தான் போனவன் போலக் கேட்டான்.

"ஐயா, பட்டி எங்கங்க போடுறது? பழைய இடந்தானுங்களே?"

மச்சான் நுரைக் கையோடு நின்றார். பழைய இடத்தைப் பார்த்தார். அந்தக் கரும்பச்சையை அவர் மறந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

"வயலுக்கை" என்றார். "வாய்க்காலுக்கு அங்கால, பள்ளத்துக்கை கட்டு. கிழமைக்குக் கிழமை மாத்து."

"அம்புட்டுத் தூரமுங்களா? அங்கேருந்து தோட்டத்துக்கு எருவ யாருங்க சுமக்கிறது?"

"நான்."

சொன்னபடியே சுமந்தார். கடகத்தில் எருவை அள்ளித் தலையில் வைத்து, வாய்க்கால் வரம்பால், கண்ணை மூடாமல், அளவாக.

அடுத்த வாரம் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அன்று தொடக்கம் சுமக்கிறவன் நான்.